வெயிலும் தொட்டிலும்

திருவண்ணாமலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கார்த்திகைத் தீபத்திலிருந்து பேச்சைத் தொடங்குவது வழக்கம். நான் இன்று சித்திரை வெயிலிலிருந்து தொடங்க எண்ணுகிறேன். ஐம்பெரும் பூதங்களுள் நெருப்புக்குரிய தலம் இது என்று சைவப் பெரியோர் போற்றுவர். அக்கினி நட்சத்திர நாட்களில், நண்பகல் வேளையில், மாட வீதிகளில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவருக்கு அப்பெயரின் பொருத்தத்தை வேறு ஒருவர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 814 மீட்டர் உயர்ந்து நிற்கும் பாறை மலை பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் அதனை மெல்ல மெல்ல ஊரின் மீது விடுகிறது. கடலோ தொலைவில் உள்ளது. சித்திரை, வைகாசித் திங்களில் நிழலிலேயே வெப்பம் 40 பாகை சென்டிகிரேடைத் தொடும் நாட்களும் உண்டு.

இத்தகைய ஊரில் பிறந்த பச்சிளங் குழந்தைகள், மின்விசிறி என்பதே அறியாத காலத்தில், கோடையை எவ்வாறு கடந்தன? அரசர்களின் போர்களையும் கோபுரங்களின் உயரத்தையும் சொல்லும் வரலாற்று நூல்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனால் ஓர் ஊரின் வரலாறு கோபுரத்தில் மட்டும் எழுதப்படுவதன்று; தொட்டிலிலும் எழுதப்படுகிறது. அந்த வரலாற்றின் சில பக்கங்களை மாணவ நண்பர்களாகிய உங்களோடு சேர்ந்து புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

திருவண்ணாமலைத் திருக்கோயிலில் வல்லாள கோபுரம் என்று ஒரு கோபுரம் உண்டு. போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனின் பெயரைத் தாங்கி நிற்பது அது. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளால் துவாரசமுத்திரம் நிலைகுலைந்தபோது, அவன் திருவண்ணாமலையைத் தன் ஆட்சியிடமாகக் கொண்டான். முதுமையிலும் வாளேந்தி மதுரைச் சுல்தானோடு போரிட்டு, 1342-43 அளவில் உயிர் நீத்தான். அவனது முடிவை இபன் பதூதா என்னும் மொராக்கோ நாட்டுப் பயணி எழுதி வைத்திருக்கிறார்.

இது வரலாறு. ஊரார் நெஞ்சில் நிலைத்ததோ வேறொரு கதை. வல்லாளனுக்குப் பிள்ளை இல்லை. அவன் ஏக்கத்தைத் தீர்க்க அண்ணாமலையாரே ஒரு நாள் குழந்தையாகத் தோன்றினார். அவன் இறந்தபின் மகனாக இருந்து செய்ய வேண்டிய கடனைத் தாமே செய்வதாக வாக்களித்தார் என்பது அக்கதை. இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருள, கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராசனுக்குத் திதி நடைபெறுகிறது. ஆராய்ந்து பார்த்தால், வல்லாளனுக்குப்பின் அவன் மகன் விருபாட்சன் நான்காம் வல்லாளனாக முடிசூடியதாக வரலாறு கூறும். இருப்பினும் மக்கள் தம் அரசனை ஒரு குழந்தைக்காக ஏங்கிய தந்தையாகவே நினைவில் வைத்துக்கொண்டனர். வெற்றியையும் தோல்வியையும் விட அந்த ஏக்கமே அவர்களுக்கு நெருக்கமானதாக இருந்தது போலும்.

அந்த ஏக்கத்தின் மறுபக்கத்தைக் கார்த்திகைப் பெருவிழாவின் தேரோட்டத்தன்று காணலாம். பிள்ளை வேண்டிப் பெற்றவர்கள் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, குழந்தையை அதில் கிடத்தி, இருவர் இரு முனைகளையும் தோளில் தாங்க, மாட வீதிகளை வலம் வருவர். இதனைக் கரும்புத் தொட்டில் என்பர். தங்கத் தொட்டிலும் தந்தத் தொட்டிலும் பாட்டில் வரும். வீதியில் வருவது கரும்பும் புடவையுந்தான். நம் நாட்டில் மிக ஏழையான தாய்க்கும் கிட்டக்கூடிய பொருள்கள் இவை. கரும்பு விழாவுக்கு உரியது. புடவைத் தொட்டிலோ ஆண்டு முழுவதும் வீட்டுக்கு உரியது.

இந்தப் புடவைத் தொட்டிலுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. தஞ்சைப் பக்கத்தில் தூளி என்பர். எங்கள் பக்கத்தில் ஏணை என்று சொல்வோம். தொட்டில் என்பது பொதுச்சொல். தொட்டிலில் இட்டுப் பாடுவது தாலாட்டு. தால் என்றால் நாக்கு; நாவை அசைத்து ஒலி எழுப்பிக் குழந்தையை உறங்கச் செய்வதால் அப்பெயர் வந்தது என்பர். புலவர்களும் தாலை மறக்கவில்லை. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் காப்பு முதலாவது, தால் மூன்றாவது. அந்தப் பத்துள் அம்புலிப் பருவம் என்று ஒன்று வருகிறது. குழந்தையோடு விளையாட வருமாறு திங்களை அழைப்பது அது. ஞாயிற்றை அவ்வாறு விளையாட அழைக்கும் பருவம் ஒன்று அந்த வரிசையில் இல்லை. வெயில் தாழ்ந்தபின் முற்றத்துக்குக் குழந்தையைத் தூக்கி வந்து நிலாக் காட்டும் நாட்டில் எழுந்த இலக்கியம் அல்லவா அது!

ஏணையின் அமைப்பைச் சற்று அறிவியற் கண்கொண்டு பார்ப்போம். பருத்தி நூலால் நெய்து, பலமுறை துவைத்து மென்மையான பழம்புடவை. மேலே உத்தரமோ மரக்கிளையோ. கீழே தரையிலிருந்து சில அடி உயரம். வெயிலில் சூடேறிய தரையின் வெப்பம் குழந்தையின் முதுகை எட்டுவதில்லை. துணியின் இழைகளுக்கிடையே காற்று நுழைகிறது. ஆட்டும்போதெல்லாம் குழந்தையின் உடலைச் சுற்றியிருக்கும் வெப்பக் காற்று விலகிப் புதுக்காற்று வருகிறது. வியர்வை ஆவியாகிறது. நீர் ஆவியாக மாறும்போது, தான் இருக்கும் இடத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் வியர்வை உலர ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகிறது. இந்த மறை வெப்பத்தைப் பற்றிய உண்மையை ஜோசப் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1760களில் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். ஈரத் துணியைச் சன்னலில் கட்டி, பனையோலை விசிறியால் விசிறிய நம் முன்னோர் அதன் பெயரை அறியார். ஆனால் பயனை அறிந்திருந்தனர். திருவண்ணாமலையைப் போன்ற உள்நாட்டு ஊரின் வறண்ட வெப்பத்தில் ஈரம் விரைவில் உலர்வதால் இந்த முறை நன்கு பயன் தரும். காற்றிலேயே ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் அவ்வளவு பயன் தராது.

பெரியவர்களுக்கு வெறும் வசதியாக இருப்பது குழந்தைக்கு உயிர்ப் பாதுகாப்பாகிறது. ஏன்? எடையோடு ஒப்பிட்டால், குழந்தையின் தோற்பரப்பு பெரியவரின் தோற்பரப்பைவிட மிகவும் கூடுதல். எனவே சுற்றியுள்ள வெப்பம் குழந்தைக்குள் மிக விரைவாக ஏறுகிறது. வியர்க்கும் ஆற்றலோ இன்னும் முழுமை பெறவில்லை. தாகம் என்று சொல்ல வாய் இல்லை. எழுந்து நிழலுக்குப் போகக் கால் இல்லை.

இவ்வுண்மையை நான் நூலில் படித்து அறியவில்லை. அதனைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது, எனினும் சொல்லுகிறேன்.

நான் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த காலம். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். என் அக்காள் நான்கு மாதக் கைக்குழந்தையோடு தாய்வீடு வந்திருந்தாள். வீட்டின் பின்புறம் இருந்த புங்க மரத்தில் ஏணை கட்டியிருந்தது. “சற்றுப் பார்த்துக்கொள், தம்பி” என்று சொல்லிவிட்டு அக்காள் உள்ளே போனாள். நான் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து ஒரு புத்தகத்தில் ஆழ்ந்திருந்தேன். நிழல் மெல்ல நகர்ந்தது. வெயில் ஏணையின் மீது விழுந்தது. குழந்தை சிணுங்கியது. ஏணையை இடம் மாற்றிக் கட்டச் சோம்பல்பட்டு, கட்டிலில் கிடந்த கனத்த போர்வையை எடுத்து ஏணையின் மேல் முழுவதுமாகப் போர்த்தினேன். வெயிலை மறைத்துவிட்டேன் என்ற நிறைவோடு மீண்டும் புத்தகத்தைத் திறந்தேன். சிறிது நேரம் குழந்தை அழுதது, பிறகு ஓய்ந்தது. உறங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் ஆயா வந்தார். வந்தவர் ஒன்றும் பேசாமல் போர்வையை இழுத்து எறிந்தார். குழந்தையின் முகம் செந்நிறமாகச் சிவந்திருந்தது. உடல் அனலாய்க் கொதித்தது. கையைத் தூக்கிவிட்டால் அது துவண்டு விழுந்தது. ஆயா அதனைத் திண்ணை நிழலுக்கு எடுத்துச் சென்று, சட்டையைக் கழற்றி, குடத்து நீரில் நனைத்த துணியால் தலை, கழுத்து, அக்குள், தொடை என்று துடைத்தபடியே என்னை விசிறச் சொன்னார். என் கை நடுங்கியது. சற்றுப் பொறுத்துக் குழந்தை முனகியது; அக்காள் மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். அப்படியே மருத்துவமனைக்கு விரைந்தோம். “உடனே குளிர்வித்தீர்கள்; அதனால் பிழைத்தது” என்றார் மருத்துவர். அன்றிரவு ஆயா என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “வெயிலை மறைத்தாய், சரி, காற்றையும் மறைத்துவிட்டாயே, கண்ணு.”

அக்குழந்தை இன்று தானும் தாயாகிவிட்டாள். ஆனால் அந்த வாக்கியம் என்னை விட்டு நீங்கவில்லை. நிழல் தருவது வேறு. மூடி வைப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்கியதே என் பிழை.

இம்மயக்கம் எனக்கு மட்டும் உரியதன்று. உலகில் பலருக்கும் இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் நெடுங்காலம் குழந்தையைத் துணிச்சுருளால் இறுகச் சுற்றி, மேலும் மேலும் போர்த்தி வைப்பதே நல்ல வளர்ப்பு என்று கருதினர். 1748ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கேடகன் என்னும் மருத்துவர் குழந்தை வளர்ப்பைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பிறந்த குழந்தைக்கு எவ்வளவு வெப்பம் தந்தாலும் தகும் என்று எண்ணுவதே பெருந்தவறு என அவர் அதில் எடுத்துக்காட்டினார். 1762இல் ரூசோ தமது ‘எமீல்’ நூலில் இறுகக் கட்டும் வழக்கத்தைக் கடிந்தார். குளிர்நாட்டிலேயே இப்படியென்றால், வெப்ப நாட்டில் மூடுவதன் தீமையைச் சொல்ல வேண்டுமா?

வெப்ப நாட்டுக்கு வந்த மேனாட்டார் இதனைப் பெரும் துயரத்தோடு கற்றனர். அமெரிக்கப் பாதிரிமார் 1834இல் மதுரையில் தம் பணியைத் தொடங்கினர். நோயும் வெப்பமும் அவர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் வாட்டின, இழப்புகள் தொடர்ந்தன. குளிர்ந்த இடம் தேடி அவர்கள் பழனி மலைத்தொடரில் ஏறினர். 1845இல் அங்கே இரண்டு வீடுகள் எழுந்தன. அதுவே கோடைக்கானல் நகரின் தொடக்கம். இன்று நாம் இன்பப் பயணம் செல்லும் அந்த நகரம், பெற்றோரின் அச்சத்திலும் துயரத்திலும் பிறந்தது என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

மலை ஏற வசதியுள்ளவர் ஏறினர். ஏற இயலாதவர் என்ன செய்தனர்? வேர்க்கடலைக் கொல்லையில் களை பறிக்கும் தாய், வரப்போரத்து மரக்கிளையில் ஏணையைக் கட்டினாள். மூத்த பெண் குழந்தை இருந்தால் அதனை ஆட்டுவதற்கு நிறுத்தினாள். அந்த மூத்த பெண்ணுக்கும் ஆறு வயதோ ஏழு வயதோதான் இருக்கும். தம்பியின் நிழலுக்காக அவள் தன் பள்ளிப் படிப்பை விலையாகக் கொடுத்தாள். நம் கிராமங்களில் எத்தனை அக்காள்மாரின் கல்வி ஏணைக் கயிற்றிலேயே கழிந்தது என்பதை எந்தக் கல்வெட்டும் கணக்கெடுக்கவில்லை. மரமில்லாத இடத்தில் வேலை செய்யும் தாய்க்கு அந்தக் கிளையும் இல்லை.

ஆகவே குழந்தையின் நிழல் என்பது தாயின் கவலை மட்டுமன்று. சமுதாயத்தின் கடமையும் ஆகும். இந்த எண்ணம் சட்டமாக மாறிய வரலாறு நீண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1976இல் அவ்வெண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கட்டட வேலைக்கு வரும் பெண்களின் குழந்தைகளோ மணலிலும் கல்லிலும் கிடந்தன. 1969இல் தில்லியில் ஒரு கட்டுமான இடத்தில் அவ்வாறு கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன் என்னும் அம்மையார், வேலை நடக்கும் இடத்திற்கே செல்லும் நடமாடும் காப்பகங்களைத் தொடங்கினார். 1975இல் தோன்றிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியே அங்கன்வாடிகள் ஊர்தோறும் எழுந்தன. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலையிடத்தில் குழந்தைகளுக்கு நிழல் அமைக்க வேண்டும் என்றே எழுதினர். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்றும் அது கூறியது. ‘நிழல்’ என்ற எளிய சொல் ஒரு நாட்டின் சட்டத்தில் இடம்பெற்றது சிறிய செய்தியன்று.

தமிழர்க்கு இது முற்றிலும் புதிய எண்ணமும் அன்று. அரசனுடைய வெண்கொற்றக் குடை குடிமக்களுக்கு நிழல் தருவதன் அடையாளம் என்று சங்கப் புலவர் கருதினர். திங்களூரில் அப்பூதி அடிகள் திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். கோயில்களின் பெருமண்டபங்களும் வழிநடைச் சாவடிகளும் நடந்து வந்தவர்க்கு நிழலாக நின்றன. திருவண்ணாமலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் கிரிவலப் பாதையில் உள்ள மரங்களும் குளங்களும் மண்டபங்களும் அந்த அறத்தின் எச்சங்களே. இடைக்காலத்தில் மலை தன் காட்டை இழந்து வெறும் பாறையாய்க் காய்ந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆர்வலர் பலர் மரக்கன்று நட்டு, தீ பரவாமல் காத்து, மலைச்சரிவை மீண்டும் பசுமையாக்க உழைத்து வருகின்றனர். மரம் நடுவோர் நாளைப் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஏணைக் கிளை நடுகின்றனர் என்றே நான் கருதுவேன்.

முன்னோர் செய்தது அனைத்தும் சரியா என்று நீங்கள் கேட்கலாம். அல்ல. பழைமையைப் போற்றுவது ஒன்று. சோதித்துக் கொள்வது மற்றொன்று. பருத்தித் துணி, நிழல், காற்றோட்டம், ஈரத் துணியால் துடைத்தல் ஆகியவை இன்றைய மருத்துவத்தின் சோதனையிலும் தேறி நிற்கின்றன. ஆனால் கோடையில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் புகட்டும் வழக்கம் தேறவில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்கு மேல் நீரே உள்ளது. ஆறு மாதம் நிறையும் வரை, எத்தகைய கோடையிலும் தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அடிக்கடி பால் கொடுப்பதும், கொடுக்கும் தாய் நிறைய நீர் அருந்துவதுமே வேண்டுவன. நாவில் தேன் தடவும் வழக்கமும் கைவிடத் தக்கதே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனில் இருக்கக்கூடிய கிருமி நஞ்சாகலாம். வேர்க்குருவுக்கு மாவை வாரித் தூவினால் அது மூச்சில் கலந்து தீங்கு செய்யும். ஏணையிலும் எச்சரிக்கை வேண்டும்: குழந்தை தானாகப் புரளவும் எழவும் தொடங்கியபின் புடவை கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு, பார்வையில்லாமல் விட்டுச் செல்லுதல் கூடாது.

புதிய காலம் புதிய ஆபத்துகளையும் தந்திருக்கிறது. ஓலைக் கூரையும் ஓட்டுக் கூரையும் போய்த் தகரக் கூரை வந்த வீட்டில், நண்பகலில் உள்ளே இருப்பதைவிட மரத்தடியில் இருப்பது மேல். வெயிலில் நிறுத்தி மூடிய காரில் ஐந்து நிமிடம் கூடக் குழந்தையை விடலாகாது. தள்ளுவண்டியைத் துணியால் முழுவதும் மூடுவது, நான் ஏணையைப் போர்வையால் மூடிய அதே பிழைதான். உடல் கொதித்து, குழந்தை துவண்டு, பால் குடிக்க மறுத்து, சிறுநீர் கழிவதும் குறைந்தால், நிழலில் வைத்து ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். அழுகை ஓய்ந்தது நலத்தின் அடையாளம் என்று என்னைப்போல் எண்ணிவிடாதீர்கள்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை கார்த்திகைத் தேரோட்டத்தன்று திருவண்ணாமலைக்குச் செல்வீர்களாயின், தேரையும் கோபுரத்தையும் கண்டபின் கரும்புத் தொட்டிலையும் சற்று நின்று பாருங்கள். மேலே கரும்பின் நிழல். இரு புறமும் திறந்த வெளி. உள்ளே உறங்கும் குழந்தை. அதனைத் தாங்கும் இரு தோள்கள். வல்லாளன் ஆண்ட நாடு இன்று இல்லை. அவன் போரிட்ட பகைவரும் இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்காக அவன் ஏங்கினான் என்று நம்பிய ஊர், தன் குழந்தைகளை இன்றும் வீதிவழியே தோளில் சுமந்து வருகிறது. அந்தக் குழந்தைகளுக்கு விழாவன்று மட்டுமின்றி, வயலோரத்திலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் சித்திரை நண்பகலிலும் நிழலும் காற்றும் கிடைக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது.